பட்டியலில் இல்லாத கால்

சோணைராஜ் ஆறரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். பால் பாக்கெட்டை வெட்டிப் பாதியை மட்டும் காய்ச்சினான். மீதியை ஃப்ரிட்ஜில் வைக்கப் போனபோது நேற்றைய மீதியும் முந்தாநாள் மீதியும் அங்கே இருந்தன. முந்தாநாள் பால் திரிந்திருந்தது. கொட்டினான். காப்பி குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். குளித்தான். சட்டைக்கு முன்பக்கம் மட்டும் இஸ்திரி போட்டான். எட்டு மணிக்கு மாமியார் போன் செய்தார்; எடுக்கவில்லை. எட்டு ஐந்துக்கு மறுபடி செய்தார், எடுத்தான்.

"சாப்பிட்டியாய்யா?"

"சாப்பிட்டேன்."

"இன்னைக்குத்தான அந்த விசாரணை?"

"ஆமா."

"வம்பா எதுவும் பேசிறாதய்யா. கையெழுத்தக் கேட்டா போட்டுட்டு வந்துரு. போனவ போயிட்டா."

போனவள் போய் நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. இந்த நாற்பத்தோரு நாளில் இதே வாக்கியத்தை இருபது பேராவது அவனிடம் சொல்லியிருப்பார்கள். ஒவ்வொருவரும் தாமே உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்கள். அவன் வண்டியை எடுத்தான்.

மருத்துவ முடிவு வாரியத்தின் கிளை அலுவலகம் நான்காம் மாடியில் இருந்தது. வாசலில் ஆளுயர விளம்பரப் பலகை. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண் கையில் அகநோக்கியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். 'கத்தியின்றி, வலியின்றி, ஐயமின்றி' என்று கீழே எழுதியிருந்தது. அகநோக்கி என்று பலகைகள்தான் சொல்லும். ஜனங்கள் டார்ச் என்பார்கள். உடம்பின் மேல் ஒரு தடவை ஓட்டினால் தோலுக்குக் கீழே இருப்பதைப் படம் பிடித்து, நோயின் பெயரையும் நூற்றுக்கு எத்தனை நிச்சயம் என்பதையும் சொல்லும். அது சொன்ன நோய்க்கு மட்டும்தான் அனுமதி எண் வரும். எண் இல்லாமல் எந்தக் கடையிலும் மருந்து கிடையாது. எந்த டாக்டரும் கத்தியைத் தொடக் கூடாது. மனிதத் தவறை ஒழித்துவிட்டார்கள்.

படிக்கட்டில் டாக்டர் ஷாகிரா பானு அவனுக்காக நின்றுகொண்டிருந்தார். சந்தேகப்படும் இடத்தில் சிறு துண்டு வெட்டியெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்வது ஒரு காலத்தில் அவர் வேலை. டார்ச் வந்ததும் அவருடைய துறைக்கு ஆவணப் பிரிவு என்று பெயர் வைத்தார்கள். மைக்ராஸ்கோப் மட்டும் அங்கேயே கிடந்தது. அதை எடுத்துப்போக யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"சோணை, மீனாவுக்கப்புறம் மொத்தம் அஞ்சு பேரு ஆயிருச்சு," என்றார். "போன வாரம் மேலூர்லருந்து ஒருத்தரு. கல்லு உடைக்கிறவரு. அதே மாதிரி பாதத்துல வீக்கம், அதே ஓட்டை, அதே கருப்பு மணி. டார்ச் என்ன சொல்லுது? கொழுப்புக் கட்டி, தொண்ணூத்து நாலு."

"என்ன செஞ்சீங்க?"

"என்னத்தச் செய்ய? அலமாரி நிறைய மாத்திர வெச்சுக்கிட்டு, நம்பர் இல்லன்னு கையப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறேன். இன்னைக்கு உன் கேஸ மூடிட்டாங்கன்னா அஞ்சு பேருக்கும் அதே வழிதான். நீ ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும்."

"என்ன சொல்லணும்?"

"வெட்டிப் பாருங்கன்னு மீனா கடைசி நாள்ல கேட்டா, யாரும் செய்யலன்னு. நோயாளி வாயால கேட்டும் மறுத்ததாப் பதிவாச்சுன்னா கேஸ் திறந்தே கெடக்கும். அதுவரைக்கும் அந்த மாதிரிக் கட்டிய நான் வெட்டிப் பாக்கலாம். சட்டத்துலயே இருக்கு."

"அவ அப்படிக் கேக்கலையே டாக்டர்."

"கூட இருந்தது நீ மட்டும்தான. யாருக்குத் தெரியும்? எங்கிட்ட நீ சொன்னதா நானும் எழுதிக் குடுத்துட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணு போலச் சொல்லணும், அவ்வளவுதான்."

ரெண்டு பேரும் ஒண்ணு போல. சோணைராஜ் அவர் முகத்தைப் பார்த்தான். நல்ல மனுஷி. மீனாவின் நோயைக் கண்டுபிடித்த ஒரே ஆள். இந்த ஒண்ணு போலச் சொல்லும் நோய் அவருக்கும் தொற்றிவிட்டது. அவன் மேலே ஏறினான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அழகுமீனாவின் வலது பாதத்தில் ஒரு கருவேல முள் ஏறியது. கண்மாய்களை அளக்கும் ஒப்பந்த வேலை அவளுக்கு. கரையெங்கும் கருவேலம். முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு போனது. அவள் ஊக்கால் நெம்பி எடுத்துப் போட்டுவிட்டு மறந்துபோனாள். ஆறு மாதம் கழித்து அந்த இடத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. சுகாதார நிலையத்தில் நர்ஸ் டார்ச்சை ஓட்டிவிட்டு, "கொழுப்புக் கட்டிங்க, ஒண்ணும் செய்யாது," என்றாள். ஒரு வருடம் போனது. கட்டி எலுமிச்சை அளவானது. இப்போது டார்ச் நாள்பட்ட அழற்சி என்றது. வீக்கத்தை அமுக்கும் ஊசியை ஆறு வாரம் போட்டார்கள். கட்டி வற்றியது. மீனா செருப்புக் கடைக்குப் போய்ப் புதுச்செருப்புகூட வாங்கினாள். இரண்டாம் சுற்று ஊசியின் நடுவில் பாதம் வீங்கி, மூன்று இடத்தில் ஓட்டை விழுந்து நீர் வடிந்தது. நீரோடு பொடிப்பொடியாகக் கருப்பு மணிகள்.

"சோணை, இங்க வந்து பாரேன்," என்று கத்தினாள். "எங்கால்ல எவனோ கடுகு தாளிக்கிறான்டா."

மணிகளை மாத்திரை உறையில் போட்டு எடுத்துக்கொண்டுதான் ஷாகிரா பானுவிடம் போனார்கள். அவர் ஒரு மணியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டு திரவம் விட்டு, நசுக்கிப் பார்த்தார். பிறகு நாற்காலியை நகர்த்தி மீனாவைப் பார்க்கச் சொன்னார்.

"நூல் நூலா இருக்கு டாக்டர்."

"பூஞ்சைம்மா. முள்ளோட உள்ள போயிருக்கு. தோலுக்குக் கீழ உக்காந்துக்கிட்டு வருஷக்கணக்குல மெதுவா எலும்பு வரைக்கும் அரிக்கும். அந்த ஊசி அதுக்குப் பால் ஊத்தி வளத்த மாதிரி. பரவால்ல. ஒரு வருஷம் மாத்திர, நடுவுல கட்டிய எடுத்துறலாம். காலு தப்பிரும்."

"இதுக்கு என்ன பேரு?"

"உங்க ஊர்ப் பேருதான். மதுரைக் கால்னு சொல்லுவாங்க. உலகத்துல எந்த மூலைல வந்தாலும் அதே பேருதான்."

மீனா சிரித்துவிட்டாள். "அப்ப மதுரைல இருக்கிற டார்ச்சுக்கு மட்டும் ஏன் தெரியல?"

"பட்டியல்ல இல்லம்மா. மொதல்ல இருந்துச்சு. ரெண்டாம் பதிப்புல எடுத்துட்டாங்க. படத்தப் பாத்து நோய்க்குப் பேரு போடுறவங்க மூணு பேரும் ஒத்துக்கணும். இந்த நோய்க்கு ஒரு தடவகூட மூணு பேரு ஒத்துக்கலையாம். ஒத்துக்காதத நோயே இல்லன்னு தூக்கிருவாங்க."

மீனா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி சோணைராஜைப் பார்த்தாள். அவன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தான்.

அவனுக்குக் கப்பலூரில் லேபிள் கம்பெனியில் வேலை. இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தான். அறுபது பேர். எல்லாரும் ஏதாவது பட்டம் வாங்கியவர்கள். தடுப்புகளுக்குள் உட்கார்ந்து, திரையில் வரும் படத்தைப் பார்த்து, நோயின் பெயரைத் தட்ட வேண்டும். அதைப் பார்த்து டார்ச் கற்றுக்கொள்ளும். ஒரே படம் அடுத்தடுத்த தடுப்புகளில் இருக்கும் மூன்று பேருக்குப் போகும். மூவரும் ஒன்றையே போட்டால் மூவருக்கும் பச்சை. ஒருவன் மட்டும் மாற்றிப் போட்டால் அவனுக்குச் சிவப்பு. மாதத்தில் பன்னிரண்டு சிவப்பு விழுந்தால் நாற்காலி போய்விடும். சேர்ந்த முதல் வாரத்திலேயே அறுபது பட்டதாரிகளும் சேர்ந்து இதற்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு இருமல் என்றால் கொழுப்புக் கட்டி. இரண்டு என்றால் சீழ்க் கட்டி. தொண்டையைச் செருமினால் நீர்க் கட்டி. முதலில் பார்த்தவன் இருமுவான், மற்ற இருவரும் அதையே தட்டுவார்கள். ஐப்பசியிலும் சித்திரையிலும் ஒரே மாதிரி இருமினார்கள். மேலாளர் மனமிரங்கி ஆவி பிடிக்கும் மெஷின் ஒன்று வாங்கி வைத்தார். ஒப்புதல் விகிதத்தில் அந்த அலுவலகம் முதலிடம் வந்து ஒரு கேடயமும் வாங்கியது. வாரியத்திலிருந்து வந்து கொடுத்தார்கள். சோணைராஜும் போய்க் கை தட்டினான்.

கருப்பு மணிக்கு இருமல் கிடையாது. அவ்வளவு அபூர்வமான ஒன்றுக்காக யார் உட்கார்ந்து நாலு தடவை இருமுவது? வேலைக்குச் சேர்ந்த மாதத்தில் சோணைராஜ் ஒரு பாதத்தின் படத்தில் புள்ளிப் புள்ளியாகக் கருமையைப் பார்த்து, கையேட்டைப் புரட்டி, சரியான பெயரைத் தட்டினான். சிவப்பு விழுந்தது. மறுவாரம் இன்னொரு பாதம். மறுபடி சிவப்பு. பக்கத்துத் தடுப்பிலிருந்து டேவிட்ராஜ் எட்டிப் பார்த்து, "என்ன மாப்ள, டாக்டருக்குப் படிக்கிறியா?" என்றான். மூன்றாவது பாதம் வந்தபோது சோணைராஜே முதலில் இருமினான். ஒரு தடவை.

கல்யாணமான புதிதில் இந்தக் கதையை அவன் மீனாவிடம் வேடிக்கையாகச் சொல்லியிருந்தான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஷாகிரா பானு மூன்று தடவை விண்ணப்பித்தார். மூன்று தடவையும் ஒரே பதில் வந்தது: பட்டியலில் இல்லாத நோய்க்கு அனுமதி எண் இல்லை. அதற்குள் புண் வழியாக வேறு கிருமி ஏறி, ரத்தத்தில் கலந்து, மீனா காய்ச்சலில் கிடந்தாள். வார்டில் கட்டிலுக்குக் கட்டில் ஒரு பெட்டி இருந்தது. டார்ச்சின் முடிவைச் சொல்லி அதுதான் சம்மதம் கேட்கும். மூன்றாம் சுற்று ஊசிக்குச் சம்மதமா என்று இனிமையான குரலில் கேட்டது. அதே ஊசி.

"வேணாம்," என்றாள் மீனா. "அதப் போட்டுத்தான இப்பிடிக் கெடக்கேன்."

பெட்டியில் பச்சை விளக்கு அணைந்தது. மறுத்தவர்களுக்குக் கட்டில் உண்டு, குளுக்கோஸ் உண்டு, காய்ச்சல் மாத்திரை உண்டு. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

நான்காம் மாடியில் ஆய்வு அலுவலர் குலோத்துங்கன் எழுந்து நின்று கைகொடுத்தார். சந்தன நிறச் சட்டை. மேசைமேல் பிள்ளைகளின் படம்.

"உக்காருங்க தம்பி. டீ சொல்லவா? ரொம்ப வருத்தமான விஷயம். சின்ன வயசு."

"டீ வேணாம் சார்."

"சீக்கிரம் முடிச்சுறலாம். வார்டுப் பெட்டி என்ன பதிவு பண்ணியிருக்குன்னு பாருங்க." திரையைத் திருப்பினார். 'நோயாளி சிகிச்சையை மறுத்தார்' என்று இருந்தது.

"ஊசியத்தான் வேணாம்னா."

"ஊசிதான தம்பி சிகிச்சை?"

பொய் இல்லை. அதுதான் அதிலிருந்த கேவலம். அவள் சொன்னது, பெட்டி கேட்டது, எழுதியது எல்லாமே சரியாக இருந்தது. சரியான துண்டுகளை அடுக்கி அடுக்கி அவளைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள்.

"அப்புறம் ஒரு நல்ல செய்தி," என்றார் குலோத்துங்கன். "நீங்க நம்ம கப்பலூர் ஆளாம்ல? மூணாம் பதிப்புக்குக் குழுத் தலைவரு போடுறாங்க. லிஸ்ட்ல உங்க பேரப் பாத்தேன். அதுபோக, விழிப்புணர்வுக்குன்னு ஒரு காணொளி பண்ணியிருக்கோம். உங்க வீட்டம்மா கடைசியாச் சொன்ன மாதிரி ரெண்டு வரி. அவங்க குரல்லயே. கேக்குறீங்களா?"

அவன் பதில் சொல்வதற்குள் தட்டிவிட்டார். அறைக்குள் மீனாவின் குரல் வந்தது. 'உரிய நேரத்தில் சிகிச்சையை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆகவே, நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள்.'

மீனா வாழ்நாளில் 'ஆகவே' என்று சொன்னதில்லை. குரல் அச்சு அசலாக அவளுடையது. அழுகை வரவில்லை. அப்படியே போய் அந்தச் சந்தனச் சட்டையில் வாந்தியெடுக்கலாம் போல இருந்தது.

"நல்லா வந்திருக்குல்ல?"

"படிவத்தக் குடுங்க சார்."

குலோத்துங்கன் தாளை நீட்டினார். வாரியத்தில் எல்லாமே திரையில்தான். சாவுக்கு மட்டும் இன்னும் தாள். நடுவில் மூன்று கட்டங்கள். நோயாளி மறுத்தார். நோயாளி கேட்டும் மறுக்கப்பட்டது. கருவிக்குத் தவறாகக் கற்பிக்கப்பட்டது.

"மொதல்ல இருக்கிறதுல ஒரு டிக் அடிங்க. கீழ, கடைசியாச் சொன்னதுன்னு ஒரு இடம் இருக்கு பாருங்க, கருணையா ஏதாவது எழுதுங்க. கையெழுத்து. முடிஞ்சுது."

"ரெண்டாவத அடிச்சா?"

"ஷாகிராம்மா எழுதிக் குடுத்ததச் சொல்றீங்களா?" அவர் சிரித்தார். "அந்தம்மா பாவம், போன தடவையும் இதேதான் எழுதுச்சு. நீங்களும் சொன்னீங்கன்னா விசாரிப்போம். ஒரு மாசம் கேஸ் திறந்திருக்கும். அப்புறம் ரெண்டு பேரும் பேசிவெச்சு எழுதினதுன்னு எங்க ஆளுங்க மூடிருவாங்க. எதுக்கு வீணா?"

"மூணாவது?"

"அதா? சட்டம் எழுதினவங்க ஒப்புக்கு ஒரு கட்டம் வெச்சிருக்காங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் தொட்டதில்ல. அத நிரூபிக்கணும்னா கத்துக்குடுத்தவனே வந்து, நான்தான் தப்பாக் கத்துக்குடுத்தேன்னு கைப்பட எழுதணும். எவன் வருவான்?"

"வந்தா என்ன ஆகும்?"

"அந்த ஒரு நோய்க்கு டார்ச்ச நிறுத்தணும். டாக்டருங்க பழையபடி வெட்டிப் பாத்து மருந்து குடுக்கலாம். பதிப்பு மொத்தத்தையும் மறுபடி சோதிக்கிற வரைக்கும்." குலோத்துங்கன் பிள்ளைகளின் படத்தை நேராக்கி வைத்தார். "எழுதினவன் மேல வழக்கு வரும். உள்ள போவான். நீங்க எதுக்குத் தம்பி அதெல்லாம் கேட்டுக்கிட்டு..."

சோணைராஜ் பேனாவைத் திறந்தான். மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தான்.

குலோத்துங்கனுக்கு முதலில் புரியவில்லை. "தம்பி, மேல அடிக்கணும். மேல."

"தெரியும் சார். எழுத இன்னொரு தாள் குடுங்க."

"என்ன எழுதப்போறீங்க?"

"இருமினத."

தாளை அவனே மேசையிலிருந்து எடுத்துக்கொண்டான். கம்பெனியின் பெயர், நாற்காலி எண், சேர்ந்த தேதி. எதற்கு எத்தனை இருமல். யார் ஆரம்பித்தது என்பதை எழுதவில்லை. அவன் சேருவதற்கு முன்பே அவர்கள் ஆரம்பித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், ஆனால் அப்படி இல்லை. இரண்டு சிவப்பு விழுந்த தேதிகளை எழுதினான். அவை கம்பெனிப் பதிவில் இருக்கும், சரிபார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினான். அதன் பிறகு வந்த பாதங்களில் குறைந்தது பதினோரு படங்களில் கருப்பு மணியைப் பார்த்தும் கொழுப்புக் கட்டி என்று போட்டதாக எழுதினான். தெரியாமல் செய்யவில்லை என்று ஒரு வரி. அதை அடிக்கோடிட்டான்.

குலோத்துங்கன் நாற்காலியை விட்டு எழுந்திருந்தார். இனிமை வடிந்துபோன முகம். "யோவ், என்னய்யா பண்ற? அறுபது பேரு வயித்துல அடிக்கிறியா? பொண்டாட்டி செத்த துக்கத்துல புத்தி கலங்கிருச்சுன்னு எழுதி இத ஓரமாத் தூக்கிப் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"போடுங்க சார். நேரா டாக்டர்கிட்ட போயி நகல் குடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். கேடயம் குடுக்க வந்தது நீங்கதான். படத்துல நிக்கிறீங்க."

குலோத்துங்கன் உட்கார்ந்தார். போனை எடுத்தார், வைத்தார். களைத்துப்போன ஆளைப் போல, "கீழ அந்த இடத்த நிரப்பலன்னா படிவமே செல்லாது," என்றார். அதையே நம்பி உட்கார்ந்திருந்தார் போல.

கடைசியாகச் சொன்னது. இரண்டு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள்.

ஷாகிரா பானு கேட்ட வாக்கியத்தை எழுத அந்த இடம் தாராளமாகப் போதும். 'ஆகவே'க்கும் இடம் இருக்கும். சோணைராஜ் பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்திருந்தான்.

அந்தக் கடைசி நாள், பகல் இரண்டரை மணி. வார்டில் சாப்பாட்டு வாளிகளை எடுத்துப்போயிருந்தார்கள். மீனாவுக்குக் காய்ச்சல் சற்று இறங்கியிருந்தது. போர்வையை விலக்கச் சொன்னாள். விலக்கினான். பாதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், யாருடையதோ என்பது போல. அவள் படம் கப்பலூருக்கு வந்ததா, வந்திருந்தால் எந்தத் திரைக்கு வந்தது என்று அவனுக்குத் தெரியாது. படங்களுக்குப் பெயர் கிடையாது. பிறகு அவள் அவன் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. அவள் அதற்குள் கண்ணை மூடிவிட்டாள், நான்கு மணிக்கு முன்பே எல்லாம் முடிந்தது.

அவள் பேசியதைப் பேசியபடியே, ஒரு எழுத்தும் திருத்தாமல் அந்த இடத்தில் எழுதினான்.

"ஏன்டா சோணை, எங்காலு உன் ஸ்கிரீன்ல வந்திருந்தா நீ என்னன்னு போட்டிருப்ப?"